பத்தாண்டு மழை

பால்மா தெருவின் வடிகால்
பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிற மழையைத் தாங்கும்.
கணினி சொன்னது, பச்சை நிறத்தில்.

பெய்ரா நகராட்சியில் எனக்குப் பதினோராவது வருடம்.
பத்தாண்டு மழை பத்தாண்டு காத்திருந்து வரும் என்று
எந்த மேகமும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.
கடந்த நான்கு வருடத்தில் மூன்று தடவை வந்துவிட்டது.
நேரில் பார்த்து எழுது என்றார்கள்.

அளவுகோல் பிடிக்க காஸ்டிகோ வந்தான்.
தண்டனை என்று பொருள் அவன் பெயருக்கு.
யாருக்கு என்று அவன் அம்மா சொல்லவேயில்லையாம்.
ஏழாவது மூடியைக் கடப்பாரையால் நெம்பினோம்.
முக்கால் குழாய்க்கு மணல்,
மின்விசிறியின் கம்பிக்கூடு,
அதற்குள் குடியேறி
எங்களை முறைத்த ஒரு நண்டு.
ஐந்துக்கு இரண்டு என்று போட்டேன்.
நண்டு இருந்ததால் இரண்டு.
உயிருள்ள எதையும் அடைபட்டது என்று எழுத
எனக்குக் கை வராது.

பெலிசார்தாவின் முடிதிருத்தும் கடையில்
சுவர் ஓரமாக நகப்பூச்சுக் கோடுகள்.
முழங்காலுக்குக் கீழே ஆரஞ்சு,
நாற்காலியின் கைப்பிடி உயரத்தில் ஊதா,
கண்ணாடியின் அடிச்சட்டத்தைத் தொட்டபடி
மினுமினுக்கும் வெள்ளி.
'வெள்ளி அன்றைக்கு ஒரு கல்யாணப் பெண்.
பாதிப் பின்னலோடு போனாள்.'
ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் மணி எழுதியிருந்தாள்.
மணி எதற்கு என்றேன்.
'தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவளிடம்
யார் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள்?'

இரவு, ஓத அட்டவணையை விரித்து வைத்து
அவள் மணிகளை அதன் மேல் ஏற்றினேன்.
ஆரஞ்சு: ஓதம் ஏறிய நேரம்.
ஊதா: ஓதம் ஏறிய நேரம்.
வெள்ளி: அமாவாசைக்கு மறுநாள், உச்ச ஓதம்.
கடல் ஏறினால் முகத்துவார மதகு
தானாகச் சாத்திக்கொள்ளும், உப்புநீர் ஊருக்குள் வராதபடி.
மூன்று முறையும் ஒழுங்காகச் சாத்திக்கொண்டது.
மதகில் பழுதே இல்லை.
உள்ளே பெய்தது உள்ளேயே நின்றது, அவ்வளவுதான்.
எங்கள் கணக்கிலோ கடல் எப்போதும்
வற்றிப்போய், வாய் திறந்து, காத்திருந்தது.
அந்தக் கணக்கைப் போட்டது
நான்தான்.

மறுநாள் அதே தெரு.
கொத்தனார் தொமேவுக்கு மட்டும் ஓய்வில்லை.
ஒரு வீட்டு வாசற்படியை இரண்டு கல் உயர்த்துகிறார்,
அடுத்த வீட்டில் மூன்று கல் கேட்கிறார்கள்.
ஒவ்வொரு படியும் தண்ணீரைப் பார்த்து
'பக்கத்தில் கேள்' என்கிறது.
பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொண்டே போய்
கடைசியில் அது சுல்மிராவின் வீட்டுக்கு வருகிறது.
அவளிடம் சிமெண்டுக்குக் காசில்லை.
ஆறுக்கு ஐந்து மீட்டர் அறை.
சுவரில் கறை நாற்பத்தேழு சென்டிமீட்டர்.
கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே பெயிண்ட் டப்பா.
காஸ்டிகோ கோலைப் பிடித்தான். நான் பெருக்கினேன்.
பதினான்கு கன மீட்டர்.
தெருவுக்கு ஒரு குளம் இருக்கிறது,
வரைபடத்தில்தான் இல்லை.

படிவத்தில் 'தேக்கம்' என்று ஒரு கட்டம்.
இதுவரை அதைப் பூஜ்யம் போட்டே கடந்திருக்கிறேன்.
இன்று பதினான்கு என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்த சுல்மிரா
அது என்ன எண் என்று கேட்டாள். சொன்னேன்.
காய்ந்துகொண்டிருந்த கபுலானாவை
கொடியில் திருப்பிப் போட்டாள்.
'ஊர்த் தண்ணீர் என் வீட்டில் தங்குகிறது என்றால்
ஊர் எனக்கு வாடகை தருமா?'

காஸ்டிகோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவள் கேட்டதைக் கேட்டபடியே
குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்.
அந்தக் கட்டத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு,
நிரம்பியதும் மேற்கொண்டு வாங்காது.
அறிக்கை அச்சாகி வந்தபோது
கடைசி வரி இப்படி நின்றிருந்தது:
ஊர்த் தண்ணீர் என் வீட்டில் தங்குகிறது என்றால் ஊர் எனக்கு வாட